துப்பாக்கிக் கட்டைக்குச் சாயமேற்றுதலும் எண்ணெய் மெருகும்

பழைய ஏர் ரைஃபிள் ஒன்றின் வார்னிஷ் செதில் செதிலாக உரிந்து கிடந்தாலும், முந்தைய தலைமுறை வேட்டைத் துப்பாக்கி ஒன்றின் வால்நட் கட்டை கையழுக்கால் கறுத்துப் போயிருந்தாலும், அதை மீட்டெடுக்கும் வேலையை வீட்டு மேசையிலேயே செய்து முடிக்கலாம். பெரிய தச்சுத் திறமையோ விலையுயர்ந்த கருவிகளோ இதற்குத் தேவையில்லை. சில உப்புத்தாள்கள், ஒரு புட்டி சாயம், ஒரு புட்டி எண்ணெய், மூன்று நான்கு வாரப் பொறுமை ஆகியவை போதும். இவற்றுள் பொறுமைதான் பெரும்பாலோரிடம் முதலில் தீர்ந்துபோகிறது. நான் முதன்முதலில் மெருகேற்றியது பீச் மரத்தாலான ஏர் ரைஃபிள் கட்டை ஒன்றை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பூச்சு எண்ணெயைத் தாராளமாகப் பூசிவிட்டு எழுந்தேன். பத்து நாள் கழித்தும் அது கையில் பசைபோல ஒட்டியது. எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டு மறுபடியும் தொடங்கியபோதுதான், மிகக் குறைந்த எண்ணெயை மிக அதிக நாள்களில் ஏற்றும் வேலை இது என்பது விளங்கியது.

தொடங்குவதற்கு முன் கையிலிருப்பது எந்த மரம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். உயர்ந்த வேட்டைத் துப்பாக்கிகளுக்கு வழிவழியாகப் பயன்படுவது வால்நட், அதாவது அக்ரூட் மரம். ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வளரும் வகை தேன் நிறத்தில் கரிய கோடுகளோடு இருக்கும். அமெரிக்கக் கறுப்பு வால்நட் பெரும்பாலும் சீரான சாக்லேட் பழுப்பாக இருக்கும். விலை குறைந்த துப்பாக்கிகளிலும், ஜெர்மானிய ஏர் ரைஃபிள்கள் பலவற்றிலும் இருப்பது பீச். அது வெளிறிய இளஞ்சிவப்பு கலந்த மரம். உற்று நோக்கினால் சிறு சிறு கோடுகள் மணல் தூவியதுபோல் மேற்பரப்பெங்கும் தெரியும். பிர்ச் மரமும் பயன்பாட்டில் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்து லீ-என்ஃபீல்டு நான்காம் எண் துப்பாக்கிகளில் வால்நட், பீச், பிர்ச் மூன்றையுமே காணலாம். நல்ல வால்நட்டுக்குச் சாயம் தேவையில்லை. எண்ணெய் பட்டதும் அதன் நிறம் தானே எழுந்து நிற்கும். சாயம் பெரும்பாலும் பீச்சுக்கும் பிர்ச்சுக்கும், நிறம் மங்கிய அல்லது திட்டுத்திட்டான வால்நட்டுக்கும்தான் வேண்டியிருக்கும்.

மற்றொரு கேள்வியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தக் கட்டையைத் தொடவே வேண்டுமா? பழைய இராணுவத் துப்பாக்கிகளின் மரத்தில் தொழிற்சாலை முத்திரைகளும் சோதனை அதிகாரிகளின் முதலெழுத்துகளும் பதிந்திருக்கும். அமெரிக்க எம்1 கேரண்டின் பின்கட்டையில் இடப்புறம் காணப்படும் முத்திரை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. உப்புத்தாள் ஒருமுறை அதன்மேல் ஓடினால் அந்த வரலாறும் போய்விடும், சேகரிப்பாளர் தரும் விலையின் பெரும்பகுதியும் போய்விடும். அத்தகைய கட்டையை டர்பன்டைன் நனைத்த துணியால் அழுக்கெடுத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்றைத் தந்து, அதோடு விட்டுவிடுவதே நல்லது.

முதல் வேலை, துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்வது. குண்டுக்கூடு கழற்றப்பட்டிருக்க வேண்டும்; குழாயின் பின்வாயைக் கண்ணாலும் விரலாலும் சோதித்திருக்க வேண்டும். ஸ்பிரிங்கால் இயங்கும் ஏர் ரைஃபிளாக இருந்தால், அது இழுத்து ஏற்றப்பட்ட நிலையில் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு திருகுகளின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியைக் கொண்டு உலோகப் பகுதி முழுவதையும் மரத்திலிருந்து பிரித்து, பூட்டக்கூடிய இடத்தில் தனியே வைத்துவிட வேண்டும். தளர்ந்த திருப்புளியால் திருகின் வாயைக் கிழித்துக்கொள்வதுதான் இந்தக் கட்டத்தில் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் பிற்பாடு தலைவலி இல்லை. பின்முனையில் உள்ள தகட்டையோ ரப்பர் மெத்தையையோ கழற்றலாம்; ஆனால் அதன் விளிம்பும் மரத்தின் விளிம்பும் ஒரே மட்டத்தில் தேய்க்கப்பட்டிருந்தால், தேய்க்கும் நேரத்தில் அதை மீண்டும் பொருத்தி, டேப் ஒட்டி, மரத்தோடு சேர்த்தே வைத்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் மரத்தின் விளிம்பு உருண்டுபோய், தகடு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

பழைய பூச்சை நீக்குவதற்கு உப்புத்தாளை எடுக்க வேண்டாம். வார்னிஷ் சூடேறித் தாளை அடைத்துவிடும். மரமும் தேவையில்லாமல் தேயும். பெயின்ட் ரிமூவரைப் பூசி, பூச்சு கொப்புளித்து எழுந்ததும், விளிம்பு மழுங்கிய பிளாஸ்டிக் தகட்டால் இழையின் திசையிலேயே வழித்தெடுக்க வேண்டும். மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவர்கள் விரைவாக வேலை செய்யும் என்றாலும், மூடிய அறைகளில் அதன் ஆவி உயிரையே பறித்ததுண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு அவற்றை விற்பதைத் தடைசெய்தது. எனவே அந்தப் பொருள் இல்லாத வகையைத் தேர்ந்தெடுத்து, கையுறை அணிந்து, திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். பீச் கட்டையில் பூச்சை நீக்கும்போது ஒரு சிறு அதிர்ச்சி காத்திருக்கும்: பழுப்பு நிறம் மரத்தில் இல்லாமல் பூச்சிலேயே இருந்திருக்கும்; அது உரிந்ததும் அடியில் வெளிறிய மரம் எட்டிப் பார்க்கும். பயப்பட வேண்டாம், அதற்குத்தான் சாயம் வாங்கி வைத்திருக்கிறோம்.

பல்லாண்டுகளாகத் துப்பாக்கி எண்ணெய் ஊறிக் கறுத்த இடங்கள், குறிப்பாக உலோகம் அமர்ந்திருந்த குழியைச் சுற்றியுள்ள பகுதிகள், ரிமூவருக்கு மசியாது. சுண்ணக்கட்டித் தூளை அசிட்டோனில் பசைபோலக் குழைத்து அந்த இடத்தில் தடவி, காய்ந்ததும் தட்டிவிட வேண்டும். காயும்போது அசிட்டோன் எண்ணெயைத் தூளுக்குள் இழுத்துவரும். தூள் மஞ்சளாகாமல் வெள்ளையாகவே உதிரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் அடுப்போ சிகரெட்டோ இருக்கக் கூடாது. எண்ணெய் மிச்சமிருக்கும் இடத்தில் சாயம் பிடிக்காது என்பதால் இதில் ஒரு நாள் கூடுதலாகச் செலவழித்தாலும் நட்டமில்லை.

அடுத்து நசுங்கல்கள். மரம் நசுங்கிய இடத்தில் இழைகள் அறுபடாமல் அமுங்கி மட்டுமே இருந்தால் அவற்றை நீராவியால் எழுப்பிவிடலாம். ஈரமான பருத்தித் துணியை அந்த இடத்தில் மடித்து வைத்து, சூடான இஸ்திரிப்பெட்டியின் முனையால் சில விநாடிகள் அழுத்துங்கள். துணி காய்ந்தால் மறுபடியும் நனைத்து அழுத்துங்கள். நான்கைந்து முறையில் பள்ளம் மேலெழுவதைக் கண்ணால் காணலாம். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான் என்று சொன்னால் மிகையில்லை. கத்தியால் வெட்டுப்பட்டதுபோல் இழை அறுந்த கீறல்கள் இப்படி எழாது. அவற்றைத் தேய்த்து நீக்க வேண்டும், அல்லது அந்தத் துப்பாக்கி வாழ்ந்த வாழ்க்கையின் அடையாளமாக விட்டுவிட வேண்டும்.

உப்புத்தாள் வேலைக்கு 150-ஆம் எண்ணில் தொடங்கி, 220 வழியாக 320-க்குச் செல்லலாம்; எண் கூடக் கூடத் தாள் நுண்மையாகும். மரம் ஏற்கெனவே மழமழப்பாக இருந்தால் நேராக 220-இல் தொடங்கலாம். தட்டையான பகுதிகளில் தாளை ஒரு ரப்பர் கட்டையிலோ தக்கையிலோ சுற்றித்தான் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால், இழையின் மென்மையான பகுதிகள் பள்ளமாகி, மெருகு ஏறியபின் மேற்பரப்பு அலையலையாகத் தெரியும். எப்போதும் இழையின் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த ஒரு கீறல் அப்போது கண்ணுக்குப் படாது. சாயம் ஏறிய மறுகணம் கரிக்கோடு இழுத்ததுபோல் நிற்கும். மூன்று இடங்களில் உப்புத்தாள் படவே கூடாது. ஒன்று, பிடி வழுக்காமலிருக்க வைர வடிவில் வெட்டப்பட்ட கோடுகள். அவற்றை மாஸ்கிங் டேப்பால் மூடி, பிற்பாடு பழைய பல்துலக்கியால் மட்டுமே துப்புரவு செய்ய வேண்டும். இரண்டு, உலோகம் வந்து அமரும் குழியின் உட்புறம். மூன்று, உலோகத்தோடு மரம் சேரும் விளிம்பு. நல்ல துப்பாக்கியில் மரம் உலோகத்தைவிட ஒரு மயிரிழை உயர்ந்தே நிற்கும். அங்கே தேய்த்துத் தாழ்த்திவிட்டால் அதைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை. மரத்தூளைப் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. எனவே முகக்கவசம் அணியாமல் இந்த வேலையில் உட்கார வேண்டாம்.

தேய்த்து முடித்ததும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அதைப் பலர் தவறவிடுகிறார்கள். ஈரத்துணியால் கட்டை முழுவதையும் துடைத்து, முடி உலர்த்தும் கருவியால் உடனே காயவையுங்கள். தடவிப் பார்த்தால் ஒரு நாள் தாடிபோல நுண்ணிழைகள் சிலிர்த்து நிற்பது தெரியும். புதிய 320 தாளால், அழுத்தமே தராமல், அந்தத் தாடியை மழிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் இழை எழுவது நின்றுவிடும். இதைச் செய்யாமல் தண்ணீரில் கரைத்த சாயத்தைப் பூசினால் இழைகள் அப்போது எழும். அவற்றைத் தேய்க்கப் போனால் சாயமும் சேர்ந்து போகும். அதற்காக 600, 800 என்று மேலேறிக் கண்ணாடிபோலத் தேய்த்துவிடவும் வேண்டாம். பளபளத்த மரம் சாயத்தைக் குடிக்க மறுக்கும்.

சாயத்தில் இரண்டு குலங்கள் உண்டு. நிறமித் துகள்கள் கலந்தது ஒன்று. அது மரத்தின் துளைகளிலும் கீறல்களிலும் தங்கி நிறம் காட்டும். கரைந்து ஊடுருவும் அனிலின் வகைச் சாயம் மற்றொன்று. பீச், பிர்ச் போன்ற நெருக்கமான மரங்களில் நிறமிச் சாயம் கலங்கலாகவும் திட்டுத்திட்டாகவும் படிவதால், அவற்றுக்கு ஊடுருவும் சாயத்தையே நான் பரிந்துரைப்பேன். அதைத் தண்ணீரிலும் கரைக்கலாம், ஸ்பிரிட்டிலும் கரைக்கலாம். ஸ்பிரிட் கலவை விநாடிகளில் காய்ந்துவிடுவதால், ஒரு பூச்சின்மேல் அடுத்தது ஏறும் இடத்தில் கறுத்த கோடு விழும். தண்ணீர்க் கலவை மெதுவாகக் காய்ந்து, தவறைத் திருத்த நேரம் தரும். முதன்முறை செய்பவருக்கு அதுவே உகந்தது. தோல் பொருள்களுக்கான ஸ்பிரிட் சாயத்தைப் பயன்படுத்திச் சிறப்பாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் கை பழகியிருக்க வேண்டும்.

எந்தச் சாயமானாலும் முதலில் வெளியே தெரியாத இடத்தில், அதாவது பின்தகட்டின் அடியிலோ குழாய் அமரும் பள்ளத்திலோ, ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். காய்ந்த சாயம் மங்கலாகவும் உயிரற்றும் தெரியும். அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அதன்மேல் டர்பன்டைனைத் தொட்டு ஈரமாக்கினால் தெரியும் நிறமே எண்ணெய் ஏறியபின் வரப்போகும் நிறத்துக்கு நெருக்கமானது. புட்டியில் சொல்லப்பட்ட அடர்த்தியில் பாதியாகக் கலந்துகொண்டு இரண்டு முறை பூசுவது, முழு அடர்த்தியில் ஒருமுறை பூசுவதைவிட நல்லது; கூட்டுவது எளிது, குறைப்பது கடினம். பழைய பனியன் துணியை மடித்து நனைத்து, கட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீண்ட வீச்சாகப் பூசி, ஈரமாக இருக்கும்போதே மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். மரம் குறுக்காக வெட்டுப்பட்ட இடங்கள், முக்கியமாகப் பின்முனையும் கைப்பிடியின் வளைவும், சாயத்தை உறிஞ்சிக் கன்னங்கறுப்பாகிவிடும். அங்கே முன்கூட்டியே வெறும் தண்ணீரைத் தடவி வைத்திருந்தால் தாகம் தணிந்து அளவாகவே குடிக்கும்.

வால்நட்டுக்கு இங்கிலாந்துத் துப்பாக்கிப் பட்டறைகள் கையாண்ட வழி வேறு. அல்கனெட் என்னும் செடியின் வேரை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து, அந்தச் சிவந்த எண்ணெயையே முதலில் ஏற்றுவார்கள். அந்த வேரின் நிறம் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் ஸ்பிரிட்டிலும்தான் இறங்கும். ரோகன் ஜோஷ் குழம்புக்குச் சிவப்பு நிறம் தர நம் கடைகளில் ரத்தன்ஜோத் என்ற பெயரில் விற்கப்படும் வேரும் இதே தாவரக் குடும்பம்தான். வெளிறிய வால்நட்டின் பச்சைச் சாயலை இந்தச் சிவப்பு அடக்கி, கரிய கோடுகளுக்கு வெதுவெதுப்பான பின்னணியைத் தருகிறது.

சாயம் ஒரு நாள் முழுவதும் காய்ந்தபின் எண்ணெய்க்கு வரலாம். எந்த எண்ணெய் என்பதில் ஒரு விதி தவறக் கூடாது: காயும் எண்ணெயாக இருக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெயும், சீனாவின் டங் மரக்கொட்டை எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத் திடமான படலமாக மாறுகின்றன. தேங்காய் எண்ணெய் அப்படி மாறவே மாறாது. நல்லெண்ணெயும் உறுதியான படலமாக இறுகாது. வீட்டில் இருக்கிறதே என்று அவற்றைத் தடவினால் தூசியும் சிக்கு நாற்றமும்தான் மிஞ்சும். பச்சை ஆளிவிதை எண்ணெய் காய நாள்கள் என்ன, வாரங்களே ஆகலாம். பெயின்ட் கடையில் 'டபுள் பாயில்டு' என்று கேட்டால் கிடைப்பதில் விரைவாகக் காய உதவும் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். ஓரிரு நாளில் காயும். ஆளிவிதை எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு பிசின் சேர்த்துத் துப்பாக்கிக் கட்டைகளுக்கென்றே தயாரிக்கப்படும் ட்ரூ-ஆயில் போன்றவை இன்னும் விரைவாகக் காய்ந்து, ஈரத்தையும் மேலாகத் தடுக்கின்றன. மரபான மங்கிய மெருகு வேண்டுமென்றால் ஆளிவிதை எண்ணெய். சற்றுப் பளபளப்பும் மழைத் தாக்குப்பிடிப்பும் வேண்டுமென்றால் இரண்டாவது. புதியவருக்கு நான் சொல்வது இரண்டாவதைத்தான்.

முதல் பூச்சுக்கு எண்ணெயோடு சம அளவு டர்பன்டைன் கலந்து, மரம் குடிக்கும்வரை குடிக்கவிட்டு, கால் மணி நேரத்தில் மிச்சத்தை ஒரு துளி விடாமல் துடைத்துவிட வேண்டும். பின்தகட்டின் அடியில் உள்ள வெட்டுமுகத்தையும், குழாய்ப் பள்ளத்தையும் இந்த நீர்த்த கலவையால் மறக்காமல் பூசுங்கள். வெளிப்புறம் பளபளத்து உள்ளே பச்சையாக விடப்பட்ட மரம் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி வளைந்து, குழாயை ஒரு பக்கமாக நெருக்கும். குறி தவறுவதற்குத் துப்பாக்கியைக் குறைசொல்லிக்கொண்டிருப்போம். ஆனால் உலோகம் இறுகி அமரும் பரப்புகளில் தடிமனான படலம் சேரவும் கூடாது. விசைப் பகுதிக்கான குழியில் தேங்கிய எண்ணெய் பிசினாக இறுகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வால்நட்டின் துளைகள் திறந்தவை. அவற்றை அடைக்காவிட்டால் மெருகில் ஊசிக் குத்துகள்போலத் தெரியும். நீரிலும் தாங்கும் 400-ஆம் எண் தாளை எண்ணெயில் நனைத்து, சிறு சிறு வட்டமாகத் தேய்த்தால் மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து சேறுபோல் ஒரு குழம்பு வரும். அதைத் துளைகளுக்குள் தள்ளி, சில நிமிடம் இறுகவிட்டு, இழைக்குக் குறுக்காக மெல்லத் துடைக்க வேண்டும். இழையோடு துடைத்தால் துளையில் போனது வெளியே வந்துவிடும். ஒரு நாள் விட்டு இன்னொரு முறை, தேவைப்பட்டால் மூன்றாம் முறை. சாயமேற்றிய பீச்சில் இதைச் செய்யாதீர்கள். அதன் துளைகள் மிகச் சிறியவை என்பதால் அதற்கு இது தேவையும் இல்லை. தேய்த்தால் சாயம் பெயர்ந்து வெள்ளைத் திட்டுதான் விழும்.

இதன்பின் வருவது விரலின் வேலை. நான்கைந்து சொட்டு எண்ணெயை விரல் நுனியில் எடுத்து, கட்டையின் ஒரு பக்கத்தில் வைத்து, உள்ளங்கை சூடேறும்வரை தேய்த்துப் பரப்புங்கள். தேய்த்து முடித்தபின் மேற்பரப்பு ஈரமாக மின்னினால் எண்ணெய் அதிகம், துணியால் ஒற்றியெடுங்கள். தூசியில்லாத, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் தொங்கவிட்டு, ஒரு நாளுக்கு ஒரு பூச்சு என்று வைத்துக்கொள்ளலாம். மழை நாள்களில் இரண்டு நாளும் ஆகலாம். நகத்தால் தொட்டால் சிறிதும் ஒட்டாமல் இருப்பதே அடுத்த பூச்சுக்கான அனுமதி. இரண்டு மூன்று பூச்சுக்கு ஒருமுறை நான்கு பூஜ்யத் தரத்து எஃகு நாரால் மிக இலேசாகத் தடவி, தூசித் துகள்களை நீக்கி, நாரின் பொடியை ஒட்டும் துணியாலோ காந்தத்தாலோ எடுத்துவிட வேண்டும். விளிம்புகளில் நாரை ஓட்டாதீர்கள். சாயம் முதலில் வெளிறுவது அங்கேதான். எட்டிலிருந்து பன்னிரண்டு பூச்சில் ஆழமான மெருகு நிற்கும். வைரக் கோடுகள் உள்ள இடத்தில் டேப்பை எடுத்துவிட்டு, நீர்த்த எண்ணெயை ஒரே ஒருமுறை பல்துலக்கியால் பூசி, உடனே உலர்ந்த பல்துலக்கியால் துடைத்தால் போதும். அதற்குமேல் பூசினால் கோடுகள் நிரம்பி, பிடி வழுக்கும்.

எண்ணெய் துடைத்த துணிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. சுருட்டி எறிந்த துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் கூடி, தீக்குச்சி எதுவும் இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். குப்பைக்கூடையில் போட்ட சில மணி நேரம் கழித்து, எல்லோரும் உறங்கும் வேளையிலும் இது நேரலாம். துணியை ஒற்றையாக விரித்துத் திறந்த வெளியில் கொடியில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள தகர டப்பாவில் மூழ்கடித்து வையுங்கள்.

கடைசிப் பூச்சுக்குப் பிறகு இரண்டு வாரமாவது கட்டையைத் தனியே விடுங்கள். தொட்டால் காய்ந்திருப்பதும் உள்ளே இறுகியிருப்பதும் ஒன்றல்ல. அவசரப்பட்டு உலோகத்தைப் பொருத்தினால் அது படலத்தில் ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை கழற்றும்போது மெருகை உரித்துக்கொண்டு வரும். மினுமினுப்பு மிகுந்து கண்ணை உறுத்தினால், இந்த இரண்டு வாரம் முடிந்தபின் ராட்டன்ஸ்டோன் என்னும் மிக மென்மையான கற்பொடியைச் சிறிது எண்ணெயில் தொட்டு, கம்பளித் துணியால் தேய்த்துப் பட்டுப்போன்ற மங்கலுக்குக் கொண்டுவரலாம். அதன்மேல் தேன்மெழுகு கலந்த மெழுகை ஒருமுறை பூசித் துடைத்துவிட்டு, எடுத்த படங்களைப் பார்த்துத் திருகுகளை அவையவை வந்த இடத்திலேயே முடுக்குங்கள். ஏர் ரைஃபிளாக இருந்தால், சில நாள் சுட்டபின் முன்பக்கத் திருகுகளை மறுபடியும் ஒருமுறை சரிபாருங்கள். அதிர்வில் அவை தளர்வது வழக்கம்.